தகட்டின் வளைவுகள்: டூரினிலிருந்து ஷ்டுட்கார்ட் வரை

புதன், டூரின்

டூரினில் வந்திறங்கிய கையோடு தேசிய கார் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டேன். போ ஆற்றை ஒட்டிய நீண்ட கட்டடம் அது. 1960-இல் எழுந்தது, 2011-இல் உள்ளும் புறமும் மாற்றி மறுபடி திறந்தார்கள். நீராவி வண்டிகளில் தொடங்கிப் பந்தயக் கார்கள் வரை தளம் தளமாக நிறுத்தியிருக்கிறார்கள். ஒவ்வொன்றின் முன்னும் நின்றால் பொழுது போதாது. நான் தேடி வந்தது ஒரு காரை: சிசிட்டாலியா 202.

ஐரோப்பிய ஸ்போர்ட்ஸ் கார்களின் அழகைப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் ஃபெராரியில் தொடங்குவார்கள். நான் இந்தச் சிறிய காரில்தான் தொடங்குவேன். ஆண்டு 1947. போர் முடிந்து இத்தாலி நொறுங்கிக் கிடந்த நேரம். யுவென்டஸ் அணியில் கால்பந்து ஆடி, பிறகு அந்த அணிக்கே தலைவராகவும் இருந்த பியரோ டூசியோ என்ற தொழிலதிபர் ஸ்போர்ட்ஸ் கார் செய்ய விரும்பினார். பெரிய எஞ்சினுக்கு வழியில்லை. கையில் கிடைத்தவை பியட் 1100 காரின் உறுப்புகள். எஞ்சின் 1089 சிசி. நம் ஊரில் பிரீமியர் பத்மினியாகப் பல ஆண்டுகள் ஓடிய பியட் காரிலும் அதே வம்சத்து 1089 சிசி எஞ்சின்தான் இருந்தது. கல்யாண வீட்டுக்கும் ரயில் நிலையத்துக்கும் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போன அந்த எஞ்சினை வைத்துக்கொண்டு வேகமாக ஓட வேண்டுமென்றால் வழி ஒன்றுதான்: வண்டி சிறியதாக, தாழ்வாக, எடை குறைந்ததாக, காற்றுக்கு வழிவிடுவதாக இருக்க வேண்டும்.

அப்படித்தான் இந்த உருவம் பிறந்தது. பொறியாளர் ஜொவான்னி சவோனுட்ஸி வகுத்த அமைப்பைப் பாட்டிஸ்டா ‘பினின்’ ஃபாரினாவின் பட்டறை தகட்டில் வார்த்தெடுத்தது. போருக்கு முந்தைய காரில் உறுப்புகளைத் தனித்தனியாக எண்ணிவிடலாம். பானெட் ஒரு பெட்டி; மட்கார்டுகள் நான்கு; விளக்குகள் இரண்டு குமிழ்கள்; ஏறி மிதிக்கப் பக்கத்துக்கு ஒரு படிப்பலகை. சிசிட்டாலியாவில் இவை அத்தனையும் ஒரே தோலுக்குள் அடங்கிவிட்டன. விளக்குகள் மட்கார்டுக்குள் புதைந்திருக்கின்றன. பானெட் இரண்டு பக்க மட்கார்டுகளையும் விடத் தாழ்ந்து கிடக்கிறது. பக்கவாட்டில் நின்று பார்த்தால் முன் சக்கரத்துக்கு மேலே எழும் வளைவு கதவில் மெல்லத் தணிந்து, பின் சக்கரத்துக்கு மேலே மறுபடி எழுந்து, வாலில் இறங்கி முடிகிறது. ஒட்டுப்போட்ட இடம் எதுவும் கண்ணில் படவில்லை. குரோமிய அலங்காரமும் மிகக் குறைவு.

நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் 1951-இல் எட்டுக் கார்களைக் கலைப்பொருள்களாகக் காட்சிக்கு வைத்தபோது இது அவற்றில் ஒன்று. பின்னர் ஒரு 202-ஐத் தன் நிரந்தரத் தொகுப்பிலும் சேர்த்துக்கொண்டது. உலகில் மொத்தம் 170 அளவில்தான் செய்தார்கள். டூசியோவின் பணமும் பந்தயக் கனவுகளில் கரைந்துபோனது. ஆனால் பிற்பாடு வந்த ஃபெராரிகளின், போர்ஷேக்களின் தோலில் இந்தக் காரின் வளைவு ஓடிக்கொண்டே இருக்கிறது. பக்கத்து மேடைகளில் இதைவிட விலையுயர்ந்த கார்கள் நின்றன. கூட்டம் அங்கேதான் இருந்தது. எனக்கு அதில் வருத்தமில்லை. இந்தக் காரைச் சுற்றி அவசரமில்லாமல் நடக்க முடிந்தது.

வியாழன், டூரின்

காலையில் லிங்கோட்டோ. பியட் நிறுவனத்தின் பழைய தொழிற்சாலை, 1923-இல் திறந்தது. மூலப்பொருள் தரைத்தளத்தில் நுழையும். தளம் தளமாக ஏறும்போது காராக உருப்பெறும். ஐந்தாவது தளம் தாண்டிக் கூரைக்கு வந்ததும் அங்கேயே இருக்கும் ஓட்டப் பாதையில் ஓட்டிச் சோதிப்பார்கள். 1982-இல் ஆலை மூடிவிட்டது. இப்போது கீழே கடைகளும் ஓட்டலும். மேலே பாதையின் நடுவே செடிகொடிகள். சாய்ந்த வளைவுகளில் நடந்து பார்த்தேன். மேகம் விலகியபோது ஆல்ப்ஸ் மலைகள் தெரிந்தன.

ஸ்போர்ட்ஸ் கார்களுக்கு இந்த ஆலையோடு என்ன தொடர்பு என்று கேட்கலாம். தொடர்பு இருக்கிறது. அந்தக் காலத்தில் பியட்டும் லான்சியாவும் கார்களை முழுதாகவும் விற்றன. எஞ்சின், சக்கரம், அடிச்சட்டம் மட்டும் கொண்ட வெற்றுச் சேசியாகவும் விற்றன. சேசியை வாங்கியவர் ஊரில் உள்ள ஏதாவதொரு பாடி கட்டும் பட்டறையில் விட்டுத் தன் விருப்பப்படி உடல் கட்டிக்கொள்வார். இந்த ஒரு நகரத்திலேயே பினின் ஃபாரினா, பெர்ட்டோனே, கியா (இன்றைய கொரிய கார் நிறுவனம் அல்ல), வினியாலே என்று எத்தனையோ பட்டறைகள். சில பழைய குதிரைவண்டிப் பட்டறைகளின் வழியில் வந்தவை. ஒரே சேசிக்கு நான்கு பேர் நான்கு விதமாக உடை தைத்தால் போட்டியில் கண் கூர்மையாகாமல் என்ன செய்யும்? அடிச்சட்டமும் உடலும் ஒன்றாகவே அழுத்தி எடுக்கும் முறை பரவியபோது இந்தச் சிறு பட்டறைகளின் காலடி மண் நழுவியது. பெரியவை பெரிய நிறுவனங்களுக்கு வடிவமைப்பு செய்து கொடுத்துப் பிழைத்தன. மற்றவை மறைந்தன.

இந்த ஊர்க்காரர் ஜொவான்னி மிக்கெலோட்டியைத் தமிழ்நாட்டு வாசகர்களுக்கு அறிமுகம் செய்தே ஆக வேண்டும். தொடக்க கால ஃபெராரிகள் பலவற்றுக்கு வினியாலே பட்டறையோடு சேர்ந்து உருவம் வரைந்தவர். இங்கிலாந்தின் டிரையம்ஃப் நிறுவனத்துக்காக அவர் வரைந்த ஹெரால்டு 1959-இல் வந்தது. அதுவே சென்னையில் ஸ்டாண்டர்டு ஹெரால்டாகத் தயாராகி நம் தெருக்களில் ஓடியது. பானெட்டும் முன் மட்கார்டுகளும் ஒரே துண்டாக முன்பக்கம் கவிழ்ந்து திறக்கும். மெக்கானிக்குகள் முன் டயரின் மேல் உட்கார்ந்துகொண்டே எஞ்சினில் வேலை பார்ப்பார்கள். அதே ஹெரால்டு சேசியைக் குறுக்கி மிக்கெலோட்டி வரைந்ததுதான் 1962-இல் வந்த டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார். ஆக, ஃபெராரிக்கு வரைந்த கையின் கோடு சென்னை வீடுகளின் வாசலிலும் நின்றிருக்கிறது. ஹெரால்டின் விளக்குகளுக்கு மேலே இருக்கும் அந்தச் சிறு புருவ மடிப்பைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

வெள்ளி, அரேசே

மிலானிலிருந்து மெட்ரோ, பிறகு பஸ். அரேசேயில் ஆல்ஃபா ரோமியோவின் அருங்காட்சியகம் இருக்கிறது. இந்தப் பயணத்தில் நான் மிகவும் எதிர்பார்த்த இடம் இதுதான். எதிர்பார்ப்பு வீண்போகவில்லை.

முதலில் 1930-களின் 8சி 2900பி. மிலானின் டூரிங் பட்டறை கட்டிய உடல். மெல்லிய எஃகுக் குழாய்களை வளைத்துக் கூடு போல் கட்டி, அதன்மேல் அலுமினியத் தகட்டைப் போர்த்தும் முறை அவர்களுடையது. தகடு எடையைத் தாங்க வேண்டியதில்லை. உருவத்தைத் தந்தால் போதும். அதனால் எவ்வளவு மெல்லியதாகவும் இருக்கலாம், எப்படியும் வளையலாம். அந்தச் சுதந்திரம் காரில் தெரிகிறது. பின்னாளில் ஆஸ்டன் மார்ட்டின் டிபி4-க்கும் டிபி5-க்கும் இதே பட்டறைதான், இதே முறைதான்.

ஆனால் நான் வந்தது இரண்டு கார்களை ஒரே கூரையின் கீழ் பார்க்க. 1967-இன் 33 ஸ்ட்ராடாலே. 1968-இன் கராபோ.

இரண்டுக்கும் ஒரே சேசி. ஆல்ஃபாவின் பந்தயக் காரான டிப்போ 33-இலிருந்து வந்தது. ஓட்டுநருக்குப் பின்னால் 2 லிட்டர் வி8 எஞ்சின், சுமார் 230 குதிரைத்திறன். உயரமும் ஏறக்குறைய ஒன்றே, ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைவு. இரண்டும் வெளிவந்ததற்கு நடுவே ஓராண்டு. ஆனால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நடுவே ஒரு தலைமுறை இருப்பதாகத் தோன்றும்.

33 ஸ்ட்ராடாலேயில் நேர்க்கோடு தேடினால் கிடைக்காது. சக்கரங்களின் மேல் தகடு தசைபோல் திரண்டு எழுகிறது. நடுவில் இடை ஒடுங்குகிறது. பின்னால் மறுபடி அகன்று, வெட்டிவிட்டது போல் நின்றுவிடுகிறது. கதவின் கண்ணாடி பக்கவாட்டில் நின்றுவிடாமல் கூரைக்குள்ளும் வளைந்து ஏறுகிறது. கதவுகள் முன்தூணில் கீல் கொண்டு மேல்நோக்கி விரிகின்றன. இவ்வளவு தாழ்ந்த காரில் ஆள் நுழைய வேண்டுமென்றால் கூரையின் ஒரு பகுதியும் கதவோடு போயாக வேண்டும். அதனால்தான் அந்தக் கண்ணாடி, அதனால்தான் அந்தக் கீல். அலங்காரத்துக்காக வைத்தது போல் தெரிகிற ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு காரணம் இருக்கிறது. மொத்தம் 18 சேசிகள்தான் செய்தார்கள். அவற்றுள் சிலவற்றில்தான் இந்த உடல் ஏறியது. மற்றவை கராபோ போன்ற முன்மாதிரிகளாயின. இத்தாலியில் விற்ற கார்களிலேயே மிக விலையுயர்ந்தவற்றுள் ஒன்று அது. ஏறக்குறைய ஒரு கோடி லிரா.

இதை வரைந்தவர் ஃபிராங்கோ ஸ்காலியோனே. ஃபிளாரன்ஸில் 1916-இல் பிறந்து விமானப் பொறியியல் படித்தவர். போரில் வட ஆப்பிரிக்காவில் பிரிட்டிஷ் படையிடம் பிடிபட்டு, இந்தியாவில் இமயமலை அடிவாரத்து யோல் முகாமில் போர்க் கைதியாக 1946 வரை இருந்தார். காங்கிரா பள்ளத்தாக்கில் பனிமலைகளைப் பார்த்துக்கொண்டு ஐந்தாண்டுகள் அடைபட்டிருந்த மனிதர், ஊர் திரும்பியபின் பெர்ட்டோனேவில் சேர்ந்து 1954-இன் ஜூலியெட்டா ஸ்பிரிண்ட் முதல் இந்த 33 வரை வரைந்திருக்கிறார். காற்று எங்கே ஒட்டிக்கொண்டு போகும், எங்கே பிய்த்துக்கொண்டு போகும் என்பதை அவர் அளவு அறிந்தவர்கள் அந்தத் தொழிலில் அப்போது மிகச் சிலரே. பிறகு தொழிலைவிட்டு ஒதுங்கி, 1993-இல் அதிகம் பேர் கவனிக்காமலே இறந்துபோனார். இவர் பெயரை கார்ப் பிரியர்கள் அல்லாதவர்களும் அறிந்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

கராபோவை வரைந்தவர் மார்செல்லோ கண்டினி. பெர்ட்டோனேவுக்காக, 1968 பாரிஸ் கண்காட்சிக்காக. பச்சை உடல், முன்னும் பின்னும் ஆரஞ்சு விளிம்பு. மூக்கிலிருந்து முன்கண்ணாடியின் உச்சி வரை ஏறக்குறைய ஒரே சாய்வு. கோடாரியின் வாய் போல. கதவுகள் கத்தரிக்கோல் போல் மேல்நோக்கித் திறக்கின்றன. வளைவு என்பதே அலுத்துவிட்டது என்று ஒருவர் முடிவு செய்த தருணம் இந்தத் தகட்டில் பதிவாகியிருக்கிறது. அதற்குக் காரணமும் உண்டு. அதை ஞாயிற்றுக்கிழமை லம்போர்கினியில் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

எது அழகு என்று கேட்டால் தயங்காமல் 33 என்பேன். எது அடுத்த இருபது ஆண்டுகளை ஆண்டது என்று கேட்டால் கராபோ. எழுபதுகளின், எண்பதுகளின் ஸ்போர்ட்ஸ் கார்கள் எல்லாம் அதன் பிள்ளைகள். அதே சேசியின்மேல் வடிவமைப்பாளர் ஜுஜாரோவின் இத்தால்டிசைன் நிறுவனம் கட்டிய இகுவானா என்ற காரும் அங்கே இருக்கிறது. அதையும் சுற்றி வந்தேன். ஆனால் திரும்பத் திரும்ப இந்த இரண்டுக்கும் நடுவே வந்து நின்றேன். காவலர் வந்து மூடும் நேரம் என்று சொல்லும்வரை.

சனி, மோடெனா

ரயில் நிலையத்திலிருந்து நடந்தால் சிறிது நேரத்தில் மஞ்சள் கூரை தெரிகிறது. கார் பானெட் போல் வளைந்த அலுமினியக் கூரை, அதில் காற்று வாங்கும் கீற்றுகள். கட்டடக் கலைஞர் யான் கப்லிட்ஸ்கி வடிவமைத்தது. 2012-இல் திறந்தபோது அவர் உயிருடன் இல்லை. பக்கத்திலேயே என்ஸோ ஃபெராரி பிறந்த வீடும் அவருடைய தந்தையின் உலோகப் பட்டறையும் இருக்கின்றன. நான் பட்டறையைத்தான் முதலில் பார்த்தேன். பெரிய கூரைக்கும் அந்தச் செங்கல் சுவருக்கும் இடையே உள்ள சில அடிகளில் முழுக் கதையும் இருக்கிறது.

ஃபெராரியின் வடிவமைப்பு என்றால் பினின்ஃபாரினா பெயரைத்தான் சொல்கிறோம். சொல்ல வேண்டியதுதான். ஆனால் ஐம்பதுகளின், அறுபதுகளின் பந்தய ஃபெராரிகளைத் தகட்டில் உருவாக்கியவர் மோடெனாவின் செர்ஜியோ ஸ்காலியெட்டி. சிறுவயதிலேயே பள்ளியை விட்டுப் பட்டறைக்கு வந்த தொழிலாளி. வரைபடம் இல்லாமல் கண்ணளவில் வேலை செய்தவர் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். கம்பிகளை வளைத்துச் சேசியின்மேல் காரின் உருவத்தைக் கட்டுவார்கள். பிறகு அந்தக் கம்பிக்கூட்டின் அளவுக்கு அலுமினியத்தைத் தட்டி வளைப்பார்கள்.

அலுமினியம் தட்டத் தட்ட இறுகும். மேலும் தட்டினால் வெடிக்கும். அதனால் இடையிடையே சூடாக்கி இளக்க வேண்டும். சூடு அதிகமானாலும் ஓட்டை விழும், ஏனென்றால் அலுமினியம் உருகும் முன் இரும்பைப் போல் நிறம் மாறிக் காட்டாது. இதற்கு டிங்கரிங் தொழிலாளர்கள் கண்டுபிடித்த வழி சோப்பு. தகட்டில் சோப்பைத் தேய்த்துவிட்டு நெருப்பைக் காட்டுவார்கள். சோப்புத் தடம் கறுத்தால் சூடு சரியான அளவுக்கு வந்துவிட்டது என்று பொருள். பிறகு மணல் நிரப்பிய தோல் பையின்மேல் வைத்து மரச் சுத்தியலால் அடி. கும்பகோணத்துப் பாத்திரக் கடைத் தெருவில் பித்தளைக் குடம் தட்டும் ஓசையைக் கேட்டவர்களுக்கு இந்தப் பட்டறைகளின் ஓசையும் பழக்கமானதாகவே இருந்திருக்கும்.

கையால் செய்ததால் இடது பக்கமும் வலது பக்கமும் மில்லிமீட்டர் பிசகாமல் ஒத்துப்போவதில்லை. ஒரே மாதிரியின் இரண்டு கார்களும் அப்படியே ஒன்றாக இருப்பதில்லை. 1962 முதல் 1964 வரை வந்த 250 ஜிடிஓ 36 கார்கள். அவற்றை இரட்டைப் பிள்ளைகளாக நினைக்கக்கூடாது, உடன்பிறந்தவர்கள் என்றே சொல்ல வேண்டும். அந்தக் காரைத் தொடங்கிவைத்த ஜொட்டோ பிட்ஸாரினி நடுவிலேயே ஃபெராரியைவிட்டு வெளியேறினார். இளைஞர் மவுரோ ஃபோர்கியேரி முடித்துவைத்தார். மூக்கின் உச்சியில் உள்ள மூன்று அரைவட்டத் திறப்புகள் ரேடியேட்டருக்குக் கூடுதல் காற்று வாங்குபவை, வேண்டாதபோது மூடிவிடலாம். பக்கவாட்டு வெட்டுகள் எஞ்சின் வெப்பத்தை வெளியேற்றுபவை. திடீரென்று வெட்டி நிறுத்திய வால், வூனிபால்ட் கம் என்ற ஜெர்மானியரின் ஆய்வு தந்த பாடம்: வால் நீண்டு கூராக முடியும் உருவத்தை நடுவிலேயே வெட்டிவிட்டாலும் காற்று ஏறத்தாழ அதே போல் விலகிச் செல்லும்.

உள்ளே ஒரு பெரியவர் என் பக்கத்தில் வந்து நின்றார். டிங்கரிங் வேலையிலேயே வாழ்நாளைக் கழித்தவர் என்று கை அசைவிலும் கொஞ்சம் ஆங்கிலத்திலும் சொன்னார். காரை நேராக நின்று பார்க்காதே என்றார். முழங்காலை மடித்து உட்காரச் சொல்லி, கூரை விளக்கின் பிம்பம் தகட்டில் எப்படி ஓடுகிறது என்று விரலால் காற்றில் கோடு இழுத்துக் காட்டினார். பிம்பம் ஒரே ஓட்டமாகப் போனால் தகடு நன்றாக வந்திருக்கிறது. எங்கேயாவது நடுங்கினால், முறிந்தால், அங்கே சுத்தியல் தடுமாறியிருக்கிறது. பட்டறையில் மேஸ்திரி வேலையைச் சரிபார்ப்பதே இப்படித்தானாம். அவருக்கு என் நன்றி. இனி எந்தக் காரையும் நான் வேறுவிதமாகப் பார்க்கப் போவதில்லை.

ஞாயிறு, சான்ட் ஆகாட்டா

போலோனியாவிலிருந்து வயல்களுக்கு நடுவே பஸ். டிராக்டர் செய்து செல்வந்தரான ஃபெருச்சோ லம்போர்கினி 1963-இல் இங்கே ஸ்போர்ட்ஸ் கார் நிறுவனம் தொடங்கினார். மூன்றே ஆண்டுகளில், 1966 மார்ச் ஜெனீவா கண்காட்சியில், மியூரா.

இதன் கதையும் எஞ்சினிலிருந்துதான் தொடங்குகிறது. டல்லாரா, ஸ்டான்ஸானி என்ற இரண்டு இளம் பொறியாளர்கள், சோதனை ஓட்டுநர் பாப் வாலஸ். 3.9 லிட்டர் வி12 எஞ்சினை ஓட்டுநருக்குப் பின்னால் வைக்க வேண்டும்; நீளவாக்கில் வைத்தால் கார் நீண்டுவிடும். குறுக்காகத் திருப்பி, கியர்பாக்ஸையும் எஞ்சினோடு ஒரே வார்ப்பில் சேர்த்துவிட்டார்கள். 1965 நவம்பரில் டூரின் கண்காட்சியில் உடலே இல்லாத வெற்றுச் சேசியை வைத்தார்கள். அதைப் பார்க்கவே கூட்டம் கூடியது. உடலுக்குப் பெர்ட்டோனே. அங்கே அப்போது புதிதாகச் சேர்ந்திருந்தவர் இருபத்தேழு வயது கண்டினி.

பெரியவர் சொன்னபடி தரையோடு உட்கார்ந்து பார்த்தேன். உயரம் ஒரு மீட்டரைச் சற்றே தாண்டும். படங்களில் பெரிதாகத் தெரியும் கார் நேரில் எவ்வளவு சிறியது! பின் சக்கரத்துக்கு மேலே எழும் அந்தத் திரட்சியில் விளக்கின் பிம்பம் ஒருமுறைகூட நடுங்கவில்லை. முகப்பு விளக்குகள் பியட் 850 ஸ்பைடரிலிருந்து எடுத்தவை. கடையில் கிடைத்த விளக்கு என்பதை மறைக்க அவற்றை மல்லாத்திப் படுக்கவைத்து, சுற்றிலும் இமை மயிர் போல் கறுப்புக் கீற்றுகள் வைத்தார்கள். இன்று மியூரா என்றாலே நினைவுக்கு வருவது அந்த இமைகள்தான். கதவுக்குப் பின்னே காற்று வாங்கும் கறுப்புக் கீற்றுகளுக்குள் கதவின் கைப்பிடியை ஒளித்திருக்கிறார்கள். தெரியாதவர் தேடிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். பின்கண்ணாடி இருக்க வேண்டிய இடத்தில் படுக்கைவாட்டுப் பலகைகள்: எஞ்சின் சூடும் வெளியேறும், ஓட்டுநர் பின்னாலும் ஓரளவு பார்க்கலாம்.

குறை இல்லாமல் இல்லை. மிக அதிக வேகத்தில் மூக்கு மேலே எழும்பும். பெட்ரோல் டேங்க் முன்னால் இருந்ததால் பெட்ரோல் தீரத் தீர முன்பக்கம் இன்னும் இலேசாகும். காற்று அந்த அழகிய வளைவை இறக்கை போல் எண்ணிக்கொள்கிறது. வெள்ளிக்கிழமை நான் சொன்ன காரணம் இதுதான். மூக்கைத் தரையோடு அழுத்தும் உருவம் எது என்ற கேள்விக்குக் கண்டினி இரண்டே ஆண்டுகளில் தந்த விடை கராபோவின் சாய்வு. அங்கிருந்து 1971 ஜெனீவாவில் மஞ்சள் நிறத்தில் வந்தது கவுன்டாக் முன்மாதிரி.

கவுன்டாக்கின் கதை எனக்குக் கொஞ்சம் சோகமானது. முன்மாதிரியில் உடல் எவ்வளவு சுத்தமாக இருந்தது என்பதைப் பழைய படங்களில் பார்க்கலாம். தோளில் சில கீற்றுகள் தவிர வேறொன்றும் இல்லை. சோதனையில் எஞ்சின் கொதித்தது. கதவில் நீண்ட பள்ளம், தோளில் பெட்டி போன்ற காற்றுவாய் என்று சேர்த்தார்கள். 1974-இல் விற்பனைக்கு வந்த எல்பி400 அப்படியும் அழகுதான். எனக்கு மிகவும் பிடித்த கவுன்டாக் அதுவே. எண்பதுகளில் அகன்ற சக்கரம், மட்கார்டில் ஒட்டுத் துண்டு, முதுகில் பெரிய இறக்கை என்று ஏற்றிக்கொண்டே போனபோது முதல் கோடு புதைந்துபோனது. சுவரில் ஒட்டும் படங்களாக உலகம் முழுக்கப் போனது அந்தப் பிந்தைய உருவம்தான். முதலாவதைப் பார்த்தவர்கள் பிந்தையதை மன்னிப்பது கடினம்.

கண்டினி 2024 மார்ச்சில் இறந்தார். மியூராவும் கராபோவும் கவுன்டாக்கும் லான்சியா ஸ்ட்ராட்டோஸும் ஒரே மனிதரின் கையிலிருந்து வந்தவை என்பதை இன்று முழுதாக உணர்ந்தேன்.

திங்கள், ரயிலில்

போலோனியா, வெரோனா, பிரென்னர் கணவாய், மியூனிக், ஷ்டுட்கார்ட். பகல் முழுக்க ரயில். கணவாயில் பனி. நோட்டுப் புத்தகத்தில் 33-இன் பக்கவாட்டுக் கோட்டை வரைந்து பார்த்தேன். வேறு விசேஷம் இல்லை.

செவ்வாய், ஷ்டுட்கார்ட்

காலையில் மெர்சிடிஸ் அருங்காட்சியகம். லிஃப்டில் உச்சிக்கு ஏறி, சுற்றிச் சுற்றி இறங்கி வர வேண்டும். 1886-இல் தொடங்கி இன்றுவரை. நான் 1950-களில் நின்றுவிட்டேன்.

300 எஸ்எல். 1954 பிப்ரவரியில் நியூயார்க்கில் அறிமுகமானது. கூரையிலிருந்து மேலே விரியும் கதவுகளால் உலகப் புகழ் பெற்ற கார். அந்தக் கதவுகளைப் பகட்டு என்று நினைப்பவர்கள் அதன் எலும்புக்கூட்டைப் பார்க்க வேண்டும். பொறியாளர் ரூடோல்ஃப் ஊலன்ஹவுட், பந்தயக் காருக்காக மெல்லிய குழாய்களை முக்கோணம் முக்கோணமாகப் பற்றவைத்து ஒரு சட்டகம் செய்தார். எடை மிகக் குறைவு, வளையாத உறுதி. ஆனால் உறுதிக்குப் பக்கவாட்டில் குழாய்கள் உயரமாக இருந்தாக வேண்டும். அங்கே வழக்கமான கதவு வைக்க இடமில்லை. கதவைக் கூரையில் தொங்கவிடுவதைத் தவிர வழியில்லை. உள்ளே நுழைய வசதியாக ஸ்டியரிங் சக்கரத்தையே மடக்கிவிடலாம். எஞ்சின் பெரிய செடான் காரிலிருந்து வந்த 3 லிட்டர் ஆறு சிலிண்டர். நிமிர்ந்து நின்றால் பானெட் உயர்ந்துவிடும் என்று அதைப் பக்கவாட்டில் நன்றாகச் சாய்த்துப் படுக்கவைத்தார்கள். பானெட்டின்மேல் இரண்டு நீண்ட புடைப்புகள்; ஒன்று எஞ்சினுக்கு இடம் தரவும் மற்றது சமச்சீருக்காகவும் என்கிறார்கள். சக்கரங்களுக்கு மேலே உள்ள புருவம் போன்ற நீட்சிகள் அந்த வழுவழுப்பான உடலுக்கு ஒரு கம்பீரம் தருகின்றன. 1,400 கார்கள் செய்தார்கள். கண்ணாடியை இறக்க முடியாது. வெயிலில் உள்ளே வெந்துபோவார்கள். வடிவம் கேட்ட விலை அது.

மதியம் சூஃபன்ஹவுசனில் போர்ஷே அருங்காட்சியகம். 1948-இன் முதல் 356-ஐயும், 1963 ஃபிராங்க்ஃபர்ட் கண்காட்சியில் 901 என்ற எண்ணோடு வந்து, நடுவில் பூஜ்யம் வைக்கும் உரிமை எங்களுடையது என்று பிரெஞ்சு கார் நிறுவனமான பெஜோ சொன்னதால் 911 ஆன காரையும் அடுத்தடுத்துப் பார்த்தேன். வரைந்தவர் நிறுவனரின் பேரன் ஃபெர்டினான்ட் அலெக்ஸாண்டர் போர்ஷே. எஞ்சின் பின்னால் இருப்பதால் பானெட் தாழ்கிறது. மட்கார்டுகள் இரண்டு பக்கமும் உயர்ந்து நிற்கின்றன. ஓட்டுநருக்குத் தன் காரின் முன் மூலைகள் எங்கே இருக்கின்றன என்று எப்போதும் தெரியும். கூரை ஒரே வளைவாக வால் வரை இறங்குகிறது. அந்த வளைவுக்குள்ளேயே பின்னால் இரண்டு சிறு இருக்கைகளுக்கும் இடம்.

மிலானில், டூரினில் ஒவ்வொரு காரும் முந்தையதை மறந்துவிட்டுப் புதிதாகத் தொடங்கியது. இங்கே அறுபது ஆண்டுகளாக ஒரே காரைத் திருத்திக்கொண்டே இருக்கிறார்கள். மனம் 33-இன் பக்கம்தான் சாய்கிறது. ஆனால் தினமும் காலையில் வாசலில் நிற்க ஒரு காரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் 1960-களின் 911-ஐத்தான் கேட்பேன். குட்டையான, ஒல்லியான, பின்னால் இறக்கை எதுவும் முளைக்காத அந்த முதல் 911.

நாளை காலை விமானம். பிரான்சின் மல்ஹவுஸ் நகரில் ஷ்லும்ஃப் சகோதரர்கள் சேர்த்துவைத்த புகாட்டிகள் நூற்றுக்கு மேல் இருக்கின்றன. இங்கிருந்து ரயிலில் சில மணி நேரம்தான். அடுத்த பயணத்தை அங்கே தொடங்கி, கடல் தாண்டி, ஜாகுவார் இ-டைப் பிறந்த கோவென்ட்ரி வரை போக வேண்டும்.